துணி துவைப்பவரின் சாட்சி

வயிற்று அறுவைக்குப் பின் பழைய முறை, புதிய முறை இரண்டில் எதில் தைத்தால் சீழ் குறைவாகப் பிடிக்கும் என்று பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து ஆராயத் தொடங்கியிருந்தன. வீடு திரும்பிய நோயாளிகளைத் தொலைபேசியில் விசாரிப்பது, அறுவை மருத்துவரான அவளுடைய பொறுப்பு. யாரைக் கேட்டாலும் "ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா இருக்கேன்" என்பார்கள். மற்ற நாடுகளிலும் இதே கதைதான். வெள்ளோட்டத்தில் ஒருவருக்குமே சீழ் இல்லை என்று வந்தபோது யாரும் அதை நம்பவில்லை.

ஒருநாள் லாரி ஓட்டுநர் ஒருவர் அதே பல்லவியைப் பாடிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "வாய் கூசாம பொய் சொல்றாரு டாக்டர். பனியனெல்லாம் சீழ்க் கறை. துவைக்கிறவ நான்தானே."

அவளுக்குப் பொறி தட்டியது. அடுத்த இணையக் கூட்டத்தில், "துணி துவைக்கிறவங்களையும் கேக்கணும்" என்றாள். சிலர் சிரித்தார்கள். வேறொரு நாட்டிலிருந்த தலைமை மருத்துவர் சிரிக்கவில்லை. "எங்கப்பாவும் இப்படித்தான். எங்கம்மாதான் போட்டுக் கொடுப்பாங்க" என்றார். அந்தக் கேள்வி எல்லா மொழிகளிலும் வினாப் பட்டியலில் ஏறியது.

முழு ஆராய்ச்சி முடிந்த அன்று, புதிய தையல் முறை ஐயத்துக்கு இடமின்றி ஜெயித்திருந்தது. திரை நிறைய முகங்கள் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டின.

மறுநாள் அறுவை அரங்கில் செவிலி கேட்டாள். "எந்த முறையில தைக்கப் போறீங்க டாக்டர்?"

"புது முறைதான். இனிமே எப்பவும் அதேதான்."