டைகருக்கு ஆறு மாதச் சிறை

காப்பித் தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறப் போகிறார். வெளியிலிருந்து வரும் நாயை ஆறு மாதம் கூண்டில் அடைத்த பிறகே உள்ளே விடுவது அந்த நாட்டுச் சட்டமாம். தன் நாய் டைகர் அதைத் தாங்காது, சுட்டுவிடுவதே மேல் என்று துப்பாக்கியை எடுத்தார்.

டைகருக்குத் தினமும் களி வைத்த வேலைக்காரி இருசாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கூண்டு தாங்காத நாயி குண்டு மட்டும் தாங்குமாங்க? நான் வளத்துக்கறேன்."

"என் நாய் குடிசையில் வாழாது."

"நீங்க சேலம் போறப்பல்லாம் அது எங்க ஊட்லதான் படுக்குது!" என்று சீறியவள், டைகரை இழுத்துக்கொண்டு தன் ஊருக்கு நடந்தாள். துரை துரத்தி வந்தார். ஊர் எல்லையைத் தாண்டியதும் அவள் திரும்பி நின்றாள்.

"எங்க ஊருக்கும் சட்டம் இருக்குதுங்க. பூட்ஸ் காலோட ஆரும் உள்ள வரப்படாது. கழட்டிப்போட்டு வாங்க, நாயைத் தாரேன்."

பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் துரை குனியவே இல்லை.