பக்கத்து வீட்டு விளம்பரம்

அயாஸுக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, இன்டர்நெட்டும் தெரியாது. நாகல்நகரில் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புத் தடவி அடுக்கி, தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிற மனிதருக்கு அதெல்லாம் எதற்கு? மகள் உம்மு சல்மா கல்லூரியில் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வாங்கினார். இன்டர்நெட் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டிதான் என்றாள். அதையும் போட்டார்.

பக்கத்து வீட்டு மிக்கேல்ராஜ் வாத்தியாருக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. "பாய், ரெண்டு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு கனெக்‌ஷன்? மொட்டமாடி வழியா ஒரு வயர இழுத்துட்டா போச்சு." இன்டர்நெட் கம்பெனிக்காரனுக்குத் தெரிந்தால் இணைப்பைப் பிடுங்கிவிடுவான் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தார்கள். திண்டுக்கல்லில் அந்த வருஷங்களில் பாதிச் சந்துகளில் இதே கதைதான். கம்பெனியின் கணக்கில் இரண்டு வீடும் ஒரே வீடு. அதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டாயிரத்தெட்டு ரம்ஜான் முடிந்த வாரத்தில் சல்மாவின் வலது முழங்கைக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பொட்டு அளவுதான். தேமலாக இருக்கும் என்று அவள் அம்மா ஜீனத் எதையெதையோ அரைத்துப் பூசினாள். புள்ளி போகவில்லை, கொஞ்சம் பெரிதானது. மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு, வெண்புள்ளிதான், யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றார். உயிருக்கு ஆகாது சரி, கல்யாணத்துக்கு ஆகுமே. அதை எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது? ஆயுசு முழுக்கத் தோலைத் தடவிப் பார்த்தே பிழைத்தவருக்கு மகள் கையைப் பார்க்க மட்டும் துணிவில்லை.

மத்தியானம் கடை அடைக்கிற நேரத்தில் அப்பனும் மகளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். சல்மா இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். கேரளாவில் ஒரு வைத்தியர், ஹைதராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரி, ஏதோ ஒரு களிம்பு. ஒவ்வொன்றையும் கேட்கும்போது நம்பிக்கையாக இருக்கும், பெட்டியை அணைத்ததும் அலுத்துப்போகும். மூன்று மாதம் இப்படியே ஓடியது. வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது என்று அயாஸ் நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் கம்பெனிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வாடிக்கையாளர் எதைத் தேடுகிறார் என்று கவனித்து, அதற்குத் தோதான விளம்பரத்தை அவர் பார்க்கிற பக்கங்களில் செருகுகிற ஒரு இயந்திரத்தை எங்கேயோ மெட்ராஸில் பொருத்திவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. நாம் தபாலில் எழுதுவதைத் தபால்காரர் பிரித்துப் படித்துவிட்டு, வாசலில் நின்று மருந்து விற்றால் சும்மா விடுவோமா? இதை விட்டோம். தெரிந்தால்தானே விடாமல் இருப்பதற்கு.

வாத்தியார் மகள் பிரிஸ்கில்லாவுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை ஆயக்குடி பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிற கிளெமென்ட்டின் மகன் பிராங்கிளின். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் பெயர் வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கலாம் என்று. அதற்கு ஓலை என்று பேர். இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வாத்தியார் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள்.

வந்த இடத்தில் கிளெமென்ட்டின் மூத்த மருமகன், இன்டர்நெட்டில் போட்டிருந்த நிச்சயதார்த்தப் படங்களைக் காட்டுகிறேன் என்று வாத்தியார் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தான். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கை வந்தது, வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி விழுந்த கை. வெண்புள்ளிக்கு நிரந்தரத் தீர்வு. வேறு பக்கத்துக்குப் போனான். அங்கேயும் அதே கை. அவன் சிரித்துக்கொண்டே, "வீட்ல யாரோ இதத் தேடிருக்காங்களாட்ட இருக்குங்க மாமா. இப்பல்லாம் கம்பெனிக்காரனே பாத்துட்டுத்தான் விளம்பரம் போடுறான்" என்றான். வாயை மூடிக்கொண்டு படத்தை மட்டும் காட்டியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட உட்கார்ந்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் கிளம்பிப் போனார்கள். மறுநாள் சாமியாருக்குச் சேதி வந்தது, மூன்றாவது ஓலையைக் கொஞ்சம் பொறுத்து வாசிக்கலாம் என்று.

திங்கட்கிழமை சாயங்காலம் வாத்தியார் அயாஸின் கடைக்கு வந்தார். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்ல அப்படி ஒண்ணும் இல்ல பாய். என் சம்சாரம் சகாயராணி புள்ளையத் தலையிலருந்து கால் வரைக்கும் பாத்துட்டா. உங்க வீட்லயும் அந்த விளம்பரம் வருதா?"

அயாஸ் உப்பை அள்ளித் தோலில் தடவிக்கொண்டே இருந்தார். "நான் அந்தப் பெட்டிப் பக்கமே போறதில்லயே சார்" என்றார்.

வாத்தியார் தலையாட்டிவிட்டுப் போனார். பொய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது அயாஸுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் பழனி ரோட்டில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனார். வயரைப் பங்கு போட்ட விஷயத்தைச் சொல்ல முடியாது. சுற்றி வளைத்துத்தான் கேட்டார். கவுன்ட்டரில் இருந்த பெண் முதலில் வைரஸ் என்றாள். பிறகு இவர் முகத்தைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, "நீங்க பாக்குறத வச்சுத்தான் சார் விளம்பரம் வருது" என்றாள்.

"யாரு பாக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"யாருன்னு தெரியாது சார். என்ன பாக்குறாங்கன்னு மட்டும்தான் தெரியும்."

"அப்ப அத நிப்பாட்டுங்க."

"மெட்ராஸுக்கு எழுதிப் போடணும் சார். ஒரு மாசம் ஆவும்."

ஆளைத் தெரியாதாம், ஆளின் நோவு மட்டும் தெரியுமாம். அயாஸுக்குச் சண்டை போட வேண்டும் போல இருந்தது. ஆனால் யாரோடு போடுவது? அந்தப் பெண்ணும் ஒரு சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவள். வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

ஜீனத்திடம் மட்டும் சொன்னார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வாயத் தொறந்துறாதீங்க. அவுகளுக்கு இந்த மாப்ள இல்லாட்டி இன்னொரு மாப்ள. நம்ம புள்ளைக்கு விஷயம் வெளிய வந்துட்டா யாருங்க வருவா?"

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே ஜீனத்."

"ஒண்ணும் இல்லாத புள்ளைய அல்லா பாத்துக்குவான்."

அவள் சொன்னதில் தப்பும் இல்லை. பெற்றவள் வேறு எப்படிப் பேசுவாள்? அயாஸ் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் வியாபாரத்தில் மனசு ஒட்டவில்லை. வாத்தியார் எதிரே வந்தால் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை காலையில் தண்ணித்தொட்டி பார்க்க மாடிக்குப் போனார். பக்கத்து மாடியில் பிரிஸ்கில்லா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சகாயராணி மகளின் கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தால் சுரண்டினாள். எச்சில் தொட்டுத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள்.

"இன்னும் எங்கேம்மா பாக்கணும்?" என்றாள் பிரிஸ்கில்லா. அழவில்லை. அழுது முடித்து, அலுத்துப் போன குரல்.

அயாஸ் சட்டென்று திரும்பிப் படி இறங்கினார். இதே மாதிரி ஜீனத் சல்மாவின் கையைத் திருப்பியதை அவர் பார்த்திருக்கிறார். தன் வீட்டு வேதனை சுவரைத் தாண்டி, ஒரு பாவமும் அறியாத பெண்ணின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மேல் பொறுத்தால் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது. ஒட்டன்சத்திரத்தில் தோல் பார்க்கப் போவதாக ஜீனத்திடம் சொல்லிவிட்டுப் பழனி பஸ்ஸில் ஏறினார்.

கிளெமென்ட் தோப்பில் கொய்யாவைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பொண்ணு வீட்டுப் பக்கத்து வீட்டு பாய் என்று தெரிந்ததும் துண்டால் கல்லைத் தட்டிவிட்டு, "உக்காருங்க பாய். ஏனுங்க, இம்புட்டுத் தூரம்?" என்றார்.

அயாஸ் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது.

"அந்த விளம்பரம் வந்தது எங்களாலதான். என் மக கையில ஒரு புள்ளி இருக்கு. நாங்கதான் தேடுனோம். ரெண்டு வீட்டுக்கும் ஒரே வயரு. வாத்தியார் வீட்டுப் புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. நான் புள்ளையப் பெத்தவன், புள்ள மேல சத்தியமாச் சொல்றேன்."

கிளெமென்ட் கையிலிருந்த கொய்யாவைக் கூடையில் வைத்தார். பிறகு கோயம்புத்தூர் மருமகனுக்குப் போன் போட்டு, ஒரே வயராக இருந்தால் அப்படி வருமா என்று கேட்டார். வரும் என்று அவன் சொன்னான் போல. போனை வைத்துவிட்டு அயாஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நாங்க ஒரு புள்ளையோட வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டிருப்போமுங்க. காப்பாத்திட்டீங்க. சொந்தப் புள்ளையப் பத்தி யாருங்க இப்படி வந்து சொல்லுவாங்க?"

அங்கேயே வாத்தியாருக்கும் போன் போட்டுப் பேசினார். நாளைக்கே மூன்றாவது ஓலை வாசிக்கச் சொல்லிவிட்டார். அயாஸ் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் ஒரு பை நிறையக் கொய்யா கொடுத்தனுப்பினார். திரும்பி வருகிற பஸ்ஸில் அயாஸுக்கு ஒரு வாரமாக வராத தூக்கம் வந்தது. நல்லது செய்துவிட்டோம் என்கிற நிம்மதி. ஜீனத் திட்டுவாள், அழுவாள், பிறகு சரியாகிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஜீனத்திடம் சொல்ல வாய் எடுப்பதற்குள் வாத்தியாரும் சகாயராணியும் பத்திரிகையும் தாம்பாளமுமாக வந்து நின்றார்கள். பிரிஸ்கில்லா வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் அவள்தான் முதலில் "சல்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவருவாள். சல்மா நாலு டம்ளர் டீயோடு உள்ளேயிருந்து வந்தாள்.

சகாயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, உங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசு. ஆயக்குடி வரைக்கும் போயி, சல்மா கையில இருக்கிறத அவுககிட்டச் சொல்லி எங்க புள்ளையக் காப்பாத்திட்டீங்களே."

ஜீனத் அப்படியே சுவரில் சாய்ந்தாள். சல்மா நின்ற இடத்திலேயே நின்றாள். 

"டீ குடிங்க சார்" என்றார் அயாஸ்.

"இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம் பாய்" என்றார் வாத்தியார். அவர் பொய் சொல்லிப் பழகாதவர், முகத்திலேயே தெரிந்தது. சகாயராணியின் கண் தட்டைப் பிடித்திருந்த கையின் மேல் போனது, முழுக்கைச் சட்டையைத் தாண்டி எதையோ தேடியது, உடனே கீழே இறங்கியது. அவள் கெட்டவள் இல்லை. பிரசவத்துக்கு ஜீனத் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சோறு கொண்டுவந்தவள். கல்யாணம் நடக்கிற வரைக்கும் பயம், அவ்வளவுதான். ஆனால் பார்த்துவிட்டாள்.

அழைப்பிதழை நீட்டிக்கொண்டே, "நீங்களும் அக்காவும் ரெண்டு பேரும் கண்டிப்பா வந்துரணும்" என்றாள்.

அயாஸ் வீட்டில் மூன்று பேர். அந்த ரெண்டு என்கிற வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்தது. சொன்னவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும், "வாரோம்ணே" என்று அவசரமாகக் கிளம்பினாள். வாத்தியார் செருப்பு மாட்டும்போது நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு ஜீனத் உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அயாஸ் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சல்மாவிடம் சொன்னார். "ஒண்ணுமில்லாத புள்ளம்மா அது. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல. நீயா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்ப."

சல்மா தட்டை மேசை மேல் வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"செஞ்சிருப்பேன் அத்தா" என்றாள். "கையக் காட்டி நானே சொல்லிருப்பேன். பிரிஸ்கில்லா என் கூட்டாளிதான. நீங்க பஸ் ஏறுறதுக்கு முன்னாடி என்னய ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

அயாஸ் மகளைப் பார்த்தார். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை.