அவள் என்று எழுதிய கடிதம்

தம்பியை மனநல வார்டிலிருந்து ஒன்பதாம் நாளே வெளியே அனுப்பிவிட்டார்கள். அரசுக் காப்பீட்டு அலுவலகத்து டாக்டரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. 'நோயாளியை நேரில் பரிசோதித்தேன். உள்நோயாளியாக வைத்திருக்கத் தேவையில்லை. இனி செலவு ஏற்க இயலாது.' வார்டு டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை.

"குதின்னு ஒரு குரல் சொல்லிக்கிட்டே இருக்குக்கா" என்று கிளம்பும்போதுகூட அவன் சொன்னான். வீட்டுக்கு வந்த நான்காம் நாள் மொட்டை மாடியிலிருந்து குதித்தான். உயிர் தப்பியது. இடது கால் போய்விட்டது.

அக்கா அச்சகத்தில் பிழை திருத்துபவள். அந்தக் கடிதத்தை மேசையில் விரித்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். கடைசி வரியில், 'இனி அவள் கணவரின் கவனிப்பில் இருப்பாள்' என்றிருந்தது. தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை. யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

அதன் பிறகு அவளுக்கு வேறு நினைப்பில்லை. அதே போல வார்டிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் வீடு வீடாக ஏறி இறங்கி, எட்டு மாதத்தில் முப்பத்தொரு கடிதங்களைச் சேர்த்தாள். எல்லாவற்றிலும் அதே வரிகள், அதே எழுத்துப்பிழை. வார்டின் வருகைப் பதிவேட்டில் அந்தக் காப்பீட்டு டாக்டரின் கையெழுத்து ஒரு நாள்கூட இல்லை. புகார் கொடுத்தாள்.

விசாரணைக்கு முந்தின வாரம் அந்தக் காப்பீட்டு டாக்டர் அச்சகப் படிக்கட்டில் காத்திருந்தார்.

"தினம் எழுபது ஃபைல் வரும்மா. எனக்கும் பொண்ணு இருக்கா. கொஞ்சம் மனசு வைங்க."

"என் தம்பி பேரைச் சொல்லுங்க. இப்பவே வாபஸ் வாங்கிடறேன்."

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு படியிறங்கிப் போனார். வெகுநாளைக்குப் பிறகு அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது.

எல்லாக் கடிதங்களையும் அவரே உரக்கப் படிக்க வேண்டும் என்று விசாரணையில் கேட்டாள். விசாரணைக் குழுத் தலைவர் சம்மதித்தார். பதினோராவது கடிதம் முடிந்ததும் டாக்டர் தண்ணீர் கேட்டார்.

"குடிச்சிட்டுப் படிங்க. இன்னும் இருபது இருக்கு" என்றாள்.

முதல் வரிசையில், அதே மாதிரி கடிதம் வந்து மகளைப் பறிகொடுத்த ஓர் அம்மா அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

அவருக்கு வேலை போனது, மருத்துவ உரிமமும் போனது. தம்பியை மறுபடி வார்டில் சேர்த்தார்கள். போகலாம் என்று வார்டு டாக்டர் சொல்லும்வரை காப்பீடு செலவை ஏற்றது.

"பாவம்க்கா அந்த ஆளு" என்றான் தம்பி, கட்டிலில் படுத்தபடி.

"நீ பாவப்படு, தப்பில்ல. என்னால முடியாது" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டாள்.