ஊமைக் கப்பு

பாட்டு டீச்சர் வேல்விழிக்குப் பள்ளிக்கூடத்தில் சொந்தமென்று இருந்தது வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடு ஒன்றுதான். அதன்மேலும் கணக்கு வாத்தியார் ராஜ்மோகனுக்குக் கண்.

"வர்ற வெள்ளிக்கிழமை ஆபீசர் வராரு டீச்சர். பசங்க ஒரு பாட்டாவது முழுசா பாடியோ வாசிச்சோ காட்டணும். அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் ஒத்திகை வச்சுக்குங்க. இல்லன்னா பீரியட கணக்குக்குக் குடுத்துடுவேன், அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது" என்று தலைமையாசிரியை மாரியம்மாள் சொல்லிவிட்டார்.

வேல்விழி முதலில் நம்பியது டேப்லெட்டை. பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு நட்சத்திரம் போடும் செயலி ஒன்று அதில் இருந்தது. ஐந்தாம் வகுப்பு முழுவதும் தொண்டை கிழியப் பாடியும் அது ஒற்றை நட்சத்திரம்கூடப் போடவில்லை. "மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்று தேன் குரலில் சொன்னது. அந்த நேரம் பார்த்து பள்ளிக்கூடத்தை ஒட்டிய ரயில்வே ஜங்ஷனுக்குள் ஒரு கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு நுழைந்தது. மூன்று நட்சத்திரம், திரையெங்கும் பூமாரி, "அருமை! உங்கள் சுருதி சுத்தம்!"

மறுநாளிலிருந்து பிள்ளைகள் பாடுவதை விட்டுவிட்டு, ஜன்னலில் தொங்கியபடி ரயிலுக்குக் காத்திருந்தார்கள். டிரைவர்களும் கேள்விப்பட்டு, பள்ளிக்கூடம் வந்ததும் கொஞ்சம் இழுத்து ஊத ஆரம்பித்தார்கள். ஒருவர் கமகம்கூடப் போட்டார்.

டேப்லெட்டை அலமாரியில் பூட்டிவிட்டு வேல்விழி பீங்கான் கப்புகளுக்கு மாறினாள். தண்ணீர் ஊற்றித் தட்டினால் ஜலதரங்கம். கப்புக்கா இந்த ஊரில் பஞ்சம்? பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆண்டாள், தன் மகன் கொளஞ்சிநாதனிடம் கைப்பிடி கோணிய கப்புகளை ஒரு கூடை நிறையக் கொடுத்தனுப்பினாள். ஏழு கப்பு, ஏழு அளவில் தண்ணீர். நிறைய ஊற்றியது ச, சொட்டுப் போல ஊற்றியது நி.

ஸ்ரீமுஷ்ணத்துக்காரியான வேல்விழிக்கு விருத்தாசலத்தைப் பற்றித் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. இங்கே பிறந்த குழந்தை தவழும்போதே பீங்கானைத் தட்டிப் பார்க்கும். 'டிங்' என்றால் நல்ல சரக்கு. 'தட்' என்றால் உள்ளே கீறல், ஊமை. ஊமையை அங்கேயே உடைத்துவிட வேண்டும். விட்டால் நல்லதோடு கலந்துவிடும். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை, பலகாரத் தட்டைச் சுண்டிப் பார்த்து, ஊமையென்று சுவரில் அடித்ததால் நின்றுபோன கல்யாணங்களும் உண்டு.

அவள் குச்சி எடுத்துவரப் போய்த் திரும்புவதற்குள் சுவரோரம் ஒரே சில்லு. மேஜைமேல் நி மட்டும் அநாதையாக நின்றது.

"யாருடா ஒடச்சது?"

"நான்தான் டீச்சர்" என்றான் கொளஞ்சிநாதன், பெருமையாக. "ஆறும் ஊமை. எங்கம்மா ஏமாந்துடுச்சி போல."

"ஊமை இல்லடா! உள்ள தண்ணி இருக்குது. தண்ணி இருந்தா சத்தம் அடங்கித்தான் வரும்!"

வகுப்பே 'ஓ' என்றது. முபீனா எழுந்து நின்றாள். "இத மொதல்லியே சொல்லக் கூடாதா டீச்சர்?"

மறுநாள் கூடையில் மிச்சமிருந்ததை எடுத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஊற்றிச் சுருதி சேர்த்தாள். அதற்குள் மாரியம்மாள் கூப்பிட்டார். போய்விட்டுப் பதறியடித்து ஓடிவந்து பார்த்தால் ஒரு கப்புகூட உடையவில்லை. வேல்விழிக்கு மூச்சு வந்தது.

"தண்ணிய கீழ ஊத்திட்டுத் தட்டிப் பாத்துட்டோம் டீச்சர்" என்றாள் முபீனா. "ஒண்ணுகூட ஊமை இல்ல!"

ஏழு கப்பும் 'டிங்' என்று ஒரே சுரத்தைப் பாடின. வேல்விழி தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே ராஜ்மோகன் சிரித்தார். "ஏழும் ஒண்ணாயிடுச்சா டீச்சர்? எங்க கணக்குல இதுக்குப் பொதுக் காரணின்னு பேரு."

வெள்ளிக்கிழமை அவள் மேஜையை விட்டு நகரவே இல்லை. ஆபீசர் அன்புச்செல்வன் மாரியம்மாளோடு வந்தார். "டேப்லெட்டும் ஓடட்டும்மா, போட்டோவுக்கு நல்லா இருக்கும்" என்றார். பிள்ளைகள் வாசித்தார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒரு சில்லு விழாமல் வாசித்தார்கள். டேப்லெட் வழக்கம்போல, "மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்றது.

ஆபீசர் மேஜையருகே வந்தார். அவரும் இந்த ஊரில் தவழ்ந்தவர். விரல் தானாகப் போய் ச-வைச் சுண்டியது. 'தட்.'

"என்னம்மா இது? புள்ளைங்களுக்குப் போயி ஊமைய குடுத்து வச்சிருக்கீங்க?"

"சார், அது தண்ணி..."

அதற்குள் அவர் வீசிய ச ஜன்னல் கம்பியில் மோதிச் சிதறியது. தண்ணீர் முழுவதும் வெளியே நின்ற ராஜ்மோகன் சட்டைமேல். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரே வீச்சில் உடைப்பது லேசான வேலை இல்லை. டேப்லெட்டில் மூன்று நட்சத்திரம், பூமாரி. "அருமை! உங்கள் தாளம் சுத்தம்!"

ஆபீசருக்கு வெட்கம் கலந்த சிரிப்பு வந்தது. "பாட்டு பீரியடு இருக்கட்டும் மேடம். ஆனா வாரா வாரம் இதே மாதிரி நடக்கணும்." மாரியம்மாள் தலையாட்டினார்.

பீரியடு பிழைத்தது, ச போய்விட்டது. எல்லாப் பாட்டுக்கும் ஆதாரமான சுரத்தை உடைத்துவிட்டு வாரா வாரம் எதை வாசிப்பது? எரிச்சலோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டீ சொன்னாள். கடைக்காரர் பீங்கான் கப்பில் தளும்பத் தளும்பக் கொடுத்தார். அவள் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். 'தட்.'

"அண்ணே, இது ஊமை. வேற கப்பு குடுங்க."

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"டீய குடிச்சிட்டுத் தட்டிப் பாரும்மா."