புளியடியில் புளி இல்லை

பரீட்சையில் ஒரே கேள்விதான். அதற்கு ரம்ஸீன் சொன்ன பதிலில் ஒரு பிழையும் இல்லை. அங்கேதான் மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கனடாவில், ஸ்காபரோவில் ஸமீமின் வீட்டு ஹோல். வெளியே பனி. வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ் திருத்தும் ஸமீம் சோபாவில். எதிரே, பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் சுப்பர்வைசராக இருக்கும் ரம்ஸீன். மகள் ரிஃப்காவை இவனுக்குக் கொடுப்பதா இல்லையா என்பது இன்றைக்கு முடிவாக வேண்டும்.

"சங்குத்தோட்டை எண்டு சென்னீங்களே மகன். பஸ்ஸால எறங்கி ஒங்கட ஊட்டுக்கு எப்பிடிப் போற?"

ரம்ஸீன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பேங்க் கிட்ட எறங்கி, மெயின் ரோட்டால நேரப் போற. பொலிஸ் ஸ்டேஷன் தாண்டினா ஃபார்மஸி. அதுக்குப் பின்னால."

"சரி" என்றார் ஸமீம். எழுந்து குசினிக்குள் போனார்.

"சோறு வேணாம். டீயோட நிப்பாட்டு."

மனைவி ஸித்தியின் கை புரியாணிச் சட்டியின் மூடியிலேயே நின்றது. டீயோடு அனுப்பினால் சம்பந்தம் இல்லை என்று அர்த்தம்.

"ஏன்? வழி பிழையா?"

"வழி சரி. ஆள்தான் பிழை. இவன் சங்குத்தோட்டையில பொறக்கல்ல. போன் மேப்பில பொறந்தீக்கான்."

வெளியாளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படலாம். சங்குத்தோட்டைக்காரருக்குப் படாது. இலங்கையின் தென்கரையில் ஒரு சின்னப் பழைய ஊர் அது. ஒல்லாந்தர் வந்து கோட்டை கட்டினார்கள், போனார்கள். ஊரார் அந்தக் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். இப்போது அங்கே நிற்பது பொலிஸ் ஸ்டேஷன். பெயர் மட்டும் 'கோட்டை'. பேங்க் இருக்கும் இடம் 'புளியடி'. அந்தப் புளியமரத்தை யாருடைய வாப்பாவும் கண்டதில்லை. ஊரில் ஆகப் பழைய கட்டடத்துக்குப் பெயர் 'புதுப்பள்ளி'. அதற்கு முந்திய பள்ளிவாசலைக் கடல் எடுத்துவிட்டது. உப்பு வியாபாரம் போனது, கப்பல் போனது. பெயரை மட்டும் ஊர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மாற்றலாகி வரும் பேங்க் மனேஜரே நாலு நாளில் "புளியடியில வேலை" என்று சொல்லப் பழகிவிடுவார்.

ஒருமுறை சூடுபட்ட குடும்பம் வேறு. போன வருஷம் ஸித்தியின் தங்கை மகளுக்கு 'ஊர்ப் பொடியன்' என்று ஒருவன் வந்தான். ஊரையே காணாதவன், கொழும்பில் அவனுக்குப் பெண்டாட்டி இருந்தாள். ரம்ஸீனுக்கோ சாட்சி சொல்லக்கூட ஆளில்லை. உம்மா, வாப்பா இருவரும் மௌத்தாகிவிட்டார்கள்.

ரிஃப்கா குசினிக்குள் பாய்ந்து வந்தாள். "வாப்பா, ஸீரியஸ்லி? ஹீ வாஸ் நைன்! சுனாமியோட ஊர விட்டவர். ஒரு பேங்குக்காக என்ட லைஃபா?"

"ஒம்பது வயசில ஒனக்கு ஸ்கூலுக்கு வழி தெரியல்லியா?"

அவள் வாயைத் திறக்குமுன் ஸமீமின் போன் அடித்தது. மல்வேர்னில் ஒரு வீட்டில் ஃபர்னஸ் நின்றுவிட்டது. கைக்குழந்தை இருக்கும் வீடு. ஸமீம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டிரைவ்வேயில் அவருடைய வேனை மறித்தபடி ரம்ஸீனின் கார்.

"ஏறுங்க மாமா, நான் கொண்டு போற."

வேறு வழியில்லை. ஏறினார்.

"மேப்பப் போடுங்க மகன்" என்றார், குத்தலாக.

"மல்வேர்னுக்கா? வேணாம். கனடாவுக்கு வந்து மொதல்ல அங்கதான் ஈந்த."

அந்த வீட்டு பேஸ்மென்டில் ஐந்து நிமிஷத்தில் வியாதி தெரிந்தது. மோட்டர் எரிந்துவிட்டது. ஸமீமோடு வேலை செய்யும் சுலக்சன், மார்க்கம் நகரிலிருந்து புது மோட்டரோடு புறப்பட்டான். ஸமீம் இரண்டு கையையும் ஃபர்னஸுக்குள் விட்டிருந்த நேரம் அவன் அழைத்தான். ரம்ஸீன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணை, எல்லா வீடும் ஒரே மாதிரிக் கிடக்கு! மேப் என்னைக் கொண்டுவந்து குப்பைத் தொட்டியடியில விட்டிட்டுது!"

"ரோட்டுக்குத் திரும்பி வாங்க" என்றான் ரம்ஸீன். "கொத்துக் கடைக்கிட்ட வலது பக்கம் திரும்புங்க."

"கொத்தோ? இஞ்ச கொத்துரொட்டியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஒரு பல்லு டொக்டரின்ர போர்ட்தான் கிடக்கு."

"ஓ, அதுதான் கொத்துக் கடை."



"சரி... பிறகு?"

"மறுகா நேர வந்தா ஒரு பெரிய மேப்பிள் மரம். அதுல இடது பக்கம்."

"மரத்தைக் காணேல்லையே!"

"அத வெட்டிட்டாங்க. நீங்க மரத்தடியில திரும்புங்க."

"ஸமீம் அண்ணை, ஆரண்ணை உவர்? சுகமாத்தானே இருக்கிறார்?"

ஃபர்னஸுக்குள் தலையை விட்டிருந்த ஸமீமின் முதுகு குலுங்கியது. கரண்ட் அடித்துவிட்டதோ என்று ரம்ஸீன் பதறிப்போய் எட்டிப் பார்த்தான். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மகன், பஸ்ஸால எறங்கி ஒங்கட ஊட்டுக்கு எப்பிடிப் போற? திரும்பச் செல்லுங்க. மேப்பில உள்ளத இல்ல."

பிடிபட்டவன் தலையைக் குனிந்தான். "ராவெல்லாம் போனில பாத்துப் பாடமாக்கின மாமா. எனக்குத் தெரிஞ்சது ஒண்டும் அதில இல்ல. வழி பிழைச்சா ரிஃப்காவத் தரமாட்டீங்க எண்டு பயம்."

"தெரிஞ்சதச் செல்லுங்க."

"புளியடியில எறங்கி, கோட்டையத் தாண்டி, புதுப்பள்ளிக்குப் போக முந்தி உப்புக் கிடங்கடி. அதுக்குப் பின்னால எங்கட ஊடு."

ஸமீமுக்கு அந்த இடம் தெரியும். உப்புக் கிடங்கு ஒல்லாந்தரோடு போனது, அந்த இடத்தில்தான் ஃபார்மஸி. அதற்குப் பின்னால் இருந்த வீடுகள் சுனாமியோடு போயின. இப்போது வெறும் மணல்.

"ஊடு இப்ப..."

"அங்கதான் ஈக்கி, மாமா."

மேலே கதவு தட்டும் சத்தம் கேட்டது. சுலக்சன், கையில் மோட்டர், முகத்தில் கடுப்பு. மோட்டரைப் பூட்டினார்கள். ஃபர்னஸ் ஒருமுறை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது.

ஸமீம் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"எங்க நிக்கிறீங்க?" என்றாள் ஸித்தி.

"கொத்துக் கடைக்குப் பின்னால. நீ சோத்தச் சூடாக்கு."