நீலம் அணைந்தால்

சர்க்கரையையும் எலுமிச்சை உப்பையும் அடுப்பில் கருக்கி, கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்களைப் பிரித்தெடுப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் அக்காவின் வேலை. "படிச்சுப் படிச்சு கடைசில கரி விக்கப் போயிட்டா" என்று லாரி ஓட்டும் தம்பி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். புற ஊதா விளக்கின் கீழ் அந்தக் கரித்தண்ணீர் நீலமாக ஒளிரும். கிருமி வந்து ஒட்டினால் ஒளி அணைந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி.

இப்போது தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான். துருப்பிடித்த தகடு கிழித்த வலது காலில், எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. கடைசி மருந்தும் ஏழு நாள் ஏற்றியாகிவிட்டது. இதற்கும் அடங்காவிட்டால் காலை எடுக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரியின் பரிசோதனை முடிவு வர இரண்டு நாள் ஆகும்; அக்காவின் கரிக்கு ஒரு மணி நேரம் போதும்.

புண்ணை ஒற்றிய பஞ்சைக் குழாயில் போட்டு, அம்மாவே மடியில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பஞ்சைக் கழுவிய நீரைக் கரித்தண்ணீரில் விட்டு, அக்கா புற ஊதா விளக்கெரியும் கருப்புப் பெட்டிக்குள் வைத்தாள். இருவரும் பெட்டியின் துளை வழியே மாறி மாறிப் பார்த்தார்கள். அரை மணி வரை நீலம் அப்படியே நின்றது. அக்காவுக்கு நப்பாசை பிறந்தது. பிறகு ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கியது.

இதே கரி, தட்டில் வளர்த்த கிருமியைக் கொன்றும் காட்டியிருக்கிறது. "அத என் கால்ல ஊத்தேன்க்கா" என்று தம்பி கெஞ்சியபோது, "எலிக்கே இன்னும் குடுத்துப் பாக்கலடா" என்று அதட்டியிருந்தாள். அதட்டியது சரிதான். சரியாக இருந்து இப்போது என்ன பிரயோஜனம்?

"அணைஞ்சிடுச்சுடி! சனியன் ஒழிஞ்சுது!" அம்மா துள்ளினாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டாள். பிறகு போனை அக்காவிடம் நீட்டினாள்.

தம்பி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அக்கா, அணைஞ்சா கிருமி இருக்குன்னுதானே சொன்ன?"

"ஆமாடா."

"அம்மாகிட்ட இப்ப சொல்லாத. ஒரு வாரமா பட்டினி. இன்னிக்காவது சாப்பிடட்டும்."

"என்னடி சொல்றான்?" என்றாள் அம்மா.

"உன்னச் சாப்பிடச் சொல்றான்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் துளைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு பொட்டு நீலம் இல்லை. அந்த இருட்டைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டாள்.