எண்ணூறுக்குச் சொர்ணத்தாய்

சொர்ணத்தாயின் விலை எண்ணூறு. ஓட்டல்காரர்கள் அதைச் சின்னச் சீட்டில் எழுதி, அவள் முந்தானையில் ஊசியால் குத்தியிருந்தார்கள்.

அருணகிரிக்கு விலையில் குறை தெரியவில்லை. மூன்று பிள்ளை பெற்று வளர்த்த மனைவி; எண்ணூறு நியாயம்தான். ஆனால் விருதுநகரில் மல்லியும் மிளகாய் வத்தலும் மொத்த வியாபாரம் செய்கிறவர் சொன்ன விலைக்கே எடுத்தால் ஊர் என்ன பேசும்?

வெளிநாட்டில் ஏரிக்கரை ஓட்டல் அது. பனிமலை தினமும் காலையில் சன்னலுக்கு வரும். பலகாரம் முடிந்ததும் திரும்பிவிடும். முழு மலைக்குக் கட்டணம் அதிகம். அருணகிரி பேசி அரை மலையாக முடித்திருந்தார். வலது பாதி. சாப்பாடு உயர்தரம். இந்த மேசையில் ரொட்டியைக் கடித்தால் அடுத்த மேசையில் குறைந்தது. ஏரியில் படகு அசையாமல் நிற்க, கரை போய்ச் சுற்றிவிட்டு வந்தது. "ஏங்க, இங்க பாருங்களேன்" என்று சொர்ணத்தாய் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கைபேசியில் வத்தல் நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறையைக் காலி செய்ய வந்தபோது அவள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"மூணு நாள் கேப்பாரில்லாமக் கிடந்தா ஓட்டல் சொத்து அண்ணாச்சி," என்றான் கவுண்டர்க்காரன். "இவங்க கிடந்தாங்க. ஒரு குடையும் கிடந்துச்சு."

"குடை எங்கே?"

"குடைக்கு ஆள் வந்துட்டாங்க."

"மத்தியானம் விமானம் தம்பி. ரெண்டு சீட்டு எடுத்திருக்கேன்."

"ஒண்ணை வித்துரலாம்."

"குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் சொர்ணத்தாய். "எல்லாரும் பாக்காங்க."

"நீ சும்மா இரு. சரக்கு வாயைத் திறந்தா விலை ஏறும்."

அருணகிரி, சந்தையில் பேரம் பேசுவதுபோல், ஓட்டல் குளியல் துண்டை எடுத்துக் கவுண்டர்க்காரன் கைமேல் போர்த்தினார். துண்டுக்குள் தன் கையை விட்டார். எண்ணூறு என்றால் என்ன எண்ணூறு? சீட்டில் அது இல்லை. அவர் கேட்கவில்லை. துண்டுக்குள் விரல்தான் பேசும். வாய்விட்டு விவரம் கேட்கிறவனைப் புது ஆள் என்று கண்டுகொண்டு, சொத்தைச் சரக்கையெல்லாம் அவன் தலையில் கட்டிவிடுவார்கள். அவர் மூன்று விரல் பிடித்தார்.

"முன்னூறு கேக்காரு," என்றான் அவன், அவளைப் பார்த்து.

"முன்னூறா?" சொர்ணத்தாய் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இறக்காதீங்க தம்பி. மனுஷன் சுத்திச் சுத்தி வருவாரு."

"அப்போ எனக்கு வேண்டாம்," என்று அருணகிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஊரில் என்றால் வாசல் தாண்டுமுன் கூப்பிடுவார்கள். அவர் மெதுவாக நடந்தார். தாழ்வாரம் அதைக் கவனித்து, அவர் வசதிக்காக நீண்டுகொடுத்தது. யாரும் கூப்பிடவில்லை. செருப்பு வாரைக் கட்டுவதுபோல் குனிந்தார். செருப்புக்கு வார் இல்லை. இன்னும் கொஞ்சம் நடந்தார். கம்பளம் அவருக்கு முன்னால் விரிந்துகொண்டே போனது. பின்னால் சொர்ணத்தாய் பேசுவது கேட்டது. என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை. இடையில் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டே நாளாயிற்று.

திரும்பினார். தாழ்வாரம் இல்லை. மூக்குக்கு நேரே கவுண்டர்.

கவுண்டர்க்காரன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்காவே கட்டித் தன்னை மீட்டுக்கிட்டாங்க."

"யார் காசு?"

"இங்கே காசு செல்லாது அண்ணாச்சி. வார்த்தைதான். எண்ணூறு வார்த்தை உக்காந்து பேசணும். பெரியவளுக்கு மஞ்சக்காமாலை வந்தது, சரக்குக் கிட்டங்கியில தீப்பிடிச்சது, அவங்க பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம் ஜெயிச்சது, எல்லாம் சொன்னாங்க. நீங்க கேட்டதில்லையாமே?"

தான் முன்னூறு வார்த்தைக்குப் பேரம் பேசியது அருணகிரிக்கு அப்போதுதான் புரிந்தது. அவளிடம் மூன்று வருஷம் பேசியதைச் சேர்த்தாலும் அவ்வளவு தேறாது.

சொர்ணத்தாய் சீட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இப்போ நான் எனக்குச் சொந்தம். உங்களுக்கு வேணும்னா வாங்கின விலைக்கே தரேன். லாபம் வைக்கல."

விமான நிலையத்துக்குப் போகிற வண்டி வரவேற்பறைக்கே வந்து உறுமிக்கொண்டு நின்றது.

"ஒருத்தரா, ரெண்டு பேரா?" என்றான் ஓட்டுநர்.

அருணகிரி வாயைத் திறந்தார். உள்ளே இருப்பு இல்லை. தேடினார்.

"மல்லி இந்த வாரம்..."

"சரக்கு நிலவரம் சேராது," என்றான் கவுண்டர்க்காரன்.

வண்டி உறுமியது. சொர்ணத்தாய் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதா?" என்றார் அருணகிரி.

ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒண்ணு," என்றாள் சொர்ணத்தாய். "பாக்கி எழுநூத்தித் தொண்ணூத்தொம்பது."